தலை தீபாவளிக்கு எந்த வீடு?

சந்திரகலா அக்கா ஓட்டும் பள்ளி வேனுக்கு ஒரு சட்டம் உண்டு. பிள்ளை வண்டியை விட்டு இறங்கினால் மட்டும் போதாது. வீட்டுக் கேட் திறக்க வேண்டும், உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் வர வேண்டும், பிள்ளை கேட்டைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். அதுவரை ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்துத் தாமான்களிலும் மத்தியானத்தில் கண்ணயர்கிற எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். அதைத் திட்டாதவர்கள் குறைவு.

ஒருமுறை மழை ஊற்றிக்கொண்டிருந்த நாளில் ஒரு வீட்டில் ஆளே இல்லை. பிள்ளையின் பையில் சாவி இருந்தது. அக்கா அசையவில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன அத்தைக்காரி நெரிசலில் மாட்டித் திரும்பி வரும்வரை வண்டியை அந்த வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார். மற்றப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குத் தாமதம். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அக்கா ஒரே ஒரு குரல் பதிவு போட்டார்.

"பூட்டுன கேட்டு முன்னால புள்ளைய நிப்பாட்டிட்டு நான் வண்டி எடுக்க மாட்டேன். புடிக்கலன்னா வேற வேன் பாத்துக்குங்க."

யாரும் வேறு வேன் பார்க்கவில்லை. அதே அம்மாக்கள் மறுநாள் காலையில் தங்கள் பிள்ளைகளை அதே வேனில் ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள்.

நான் அவருடைய பக்கத்து வீடு. பெயர் சீதாலெட்சுமி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர்தான். அதன் மேல் குழம்பும் வரும், கோபமும் வரும்.

அக்கா கேரி தீவில் செம்பனைத் தோட்டத்து வீட்டில் பிறந்தவர். வாசு என்கிற லோரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். துறைமுகத்துக்கும் பட்டணத்துக்கும் பெட்டி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வாசு அண்ணன் ஒரு நாள் நெடுஞ்சாலை விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் யுகேந்திரனுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. கணவர் உயிரோடு இருந்தபோது விளையாட்டாகக் கற்றுக்கொடுத்த வண்டி ஓட்டும் வித்தைதான் பிறகு இருவருக்கும் சோறு போட்டது. மறுமணம் பேசி வந்தவர்களை அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினார். "கல்யாணம் ஒரு தடவதான். எனக்கு ஆச்சு" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அக்காவுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டார். நான் விவாகரத்துக்குப் போட்டபோது சுவரருகில் நின்றுகொண்டு, "தப்பு பண்ற சீதா. எனக்குக் கொஞ்சம்கூட ஒப்புதல் இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் வழக்குக்குப் போக வேண்டிய காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே என் வாசலுக்கு வந்து ஹார்ன் அடித்தவரும் அவர்தான். காலிப் பள்ளி வேனில் தனி ஆளாக உட்கார்ந்து நான் நீதிமன்றத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் நான் செய்வது தப்பு என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். திரும்பும் வழியில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. போன தீபாவளிக்கு முன்னால் அவருடைய மகன் அவரை ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தை அக்காவுக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று எனக்கு இன்னமும் முழுசாகத் தெரியவில்லை.

யுகேந்திரன் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் குகனோடு வசிக்கிறான். இருவரும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். குகனோடு தான் எப்படி வாழ்கிறான் என்பதை அவன் பல வருடங்களுக்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டான். அன்றைக்கு அக்கா ஒரு பொட்டலம் கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே அழுதார். மறுநாள் காலையில் வழக்கம் போல வேன் கிளம்பியது. அடுத்த மாதம் குகனைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவனுக்கு நண்டு பிடிக்கும் என்று தெரிந்ததிலிருந்து, அவன் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீடு வரைக்கும் நண்டுக் குழம்பு மணக்கும். உறவினர் யாராவது வாயைத் திறந்தால், "என் வீட்டுச் சோத்துல கல்லு போட வராதீங்க" என்று அடைத்துவிடுவார்.

எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் அவர்கள் இருவரும் மெல்பர்னுக்குப் போய்ச் சட்டப்படி திருமணப் பதிவு செய்துகொண்டார்கள். இந்த நாட்டில் அது செல்லாது, அவர்களுக்கும் தெரியும். அம்மா வந்து பக்கத்தில் நின்றால் போதும் என்று யுகேன் விமான டிக்கெட்டும் போட்டுத் தந்தான். அக்கா போகவில்லை.

"சேந்து இருக்கீங்க, இருங்க. நல்லா இருங்க. அத கல்யாணம்னு சொல்லாத. கல்யாணம்னா எனக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு பொண்ணு, ஒரு ஆணு, அதுக்கப்புறம் புள்ள, குடும்பம், திவசம் குடுக்க ஒரு வாரிசு. அத ஆளுக்கு ஒன்னா நான் மாத்திக்க முடியாது" என்றார்.

டிக்கெட் வீணானது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வருகை குறைந்தது. நண்டு வாசமும் நின்றது. எனக்கே அது கஷ்டமாக இருந்தது என்றால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் கேட்டால் சொல்ல மாட்டார். வேனைக் கழுவுவார். அந்த மாதங்களில் அந்த வேன் பளபளத்தது போல் எந்தக் காலத்திலும் பளபளத்ததில்லை.

தீபாவளி நெருங்கியது. யுகேன் போன் செய்தான். நான் அப்போது அக்காவின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அக்காவின் கையெல்லாம் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"ம்மா, இந்த வருசம் எங்களுக்குத் தலை தீபாவளி" என்றான் அவன். "கூப்பிடுவீங்களா?"

அக்கா ஒரு முறுக்கை எண்ணெயில் திருப்பிப் போட்டார். "தலை தீபாவளி பொண்ணு வீட்டுல கூப்புடறதுப்பா. மாப்பிள்ளை வீட்டுக்கு அதுல வேலையே இல்ல. நான் ஆம்பளப் புள்ளய பெத்தவ. நான் எப்படிக் கூப்புட முடியும்?"

"குகன் அப்பாவும் அதேதான்மா சொல்றாரு. அவரும் மாப்பிள்ளை வீடாம்." யுகேன் சிரித்தான், ஆனால் அது சிரிப்பாக இல்லை. "ரெண்டும் மாப்பிள்ளை வீடு. பொண்ணு வீடே கெடையாது. அப்ப நாங்க எங்கம்மா போறது?"

எனக்குக் கை நின்றுவிட்டது. சம்பிரதாயத்தில் இப்படியொரு ஓட்டை இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. பெண் எடுத்த வீடும் இல்லை, கொடுத்த வீடும் இல்லை என்றால் அழைக்கிற பொறுப்பு யார் தலையிலும் விழாது. இரண்டு வீட்டாரும் அந்த ஓட்டைக்குள் வசதியாக ஒளிந்துகொண்டார்கள்.

"நம்ம வீட்டுல ஓப்பன் ஹவுஸ் வெச்சி வர்றவங்க எல்லாருக்கும் சாப்பாடு போடறேன்ல, எல்லாரையும் போல வாங்க ரெண்டு பேரும்" என்றார் அக்கா.

"ஓப்பன் ஹவுஸுக்கு தபால்காரனும் வருவான், முன்னப்பின்ன தெரியாதவனும் வருவான். நான் எல்லாரையும் போலயாம்மா?"

"உன்ன வராதன்னா சொன்னேன்? அந்தப் பேர வெச்சிக் கூப்புட முடியாதுன்னுதான் சொல்றேன். எனக்கு ஒப்புதல் இல்லாதத நான் எப்படிச் சொல்றது?"

"யூ ஆர் அ பிகட், மா" என்றான் யுகேன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க கூப்புடற மாதிரி கூப்புட்டா வரேன். இல்லன்னா இந்த வருசம் வரல. இனிமேலும் எப்பன்னு தெரியல."

போன் அணைந்தது. வாணலியில் முறுக்கு கருகிக்கொண்டிருந்தது. அக்கா அதை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தார்.

"சீதா, பிகட்னா என்னா?"

எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "மனசக் கதவடச்சி வெச்சிருக்கறவங்கள சொல்றதுக்கா. தனக்கு மாறா இருக்கற ஆளுங்கள மட்டமா நெனைக்கறவங்க, வெறுக்கறவங்க."

"நான் யாரடி வெறுத்தேன்?" அக்காவின் கண் சிவந்தது. "அந்தக் குகனுக்கு நண்டு ஓடு ஒடச்சி தட்டுல வெச்சவ நானு. டெங்கி வந்து படுத்தானே, யாரு கஞ்சி வெச்சிக் கொண்டு போனா? ஒரு விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல, அவ்ளோதான். ஒன் டைவர்ஸுல கூடத்தான் ஒப்புதல் இல்ல. ஒன்ன வெறுத்தனா?"

"இல்லக்கா."

"அப்ப அந்த வார்த்தைய எப்படிச் சொல்லலாம்? நான் பெத்தவன் என்னைப் பாத்து?"

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் ஒரு வாய் இருக்கிறதே. இந்த விஷயத்தில் நான் பையன்கள் பக்கம். அக்காவுக்கு அது தெரியும்.

"நீங்க வெறுக்கல, எனக்குத் தெரியும். ஆனா அவுங்கள வெறுக்கறவன் சொல்றதும் நீங்க சொல்றதும் ஒரே வாக்கியமா இருக்குக்கா. 'இது கல்யாணம் இல்ல, அந்தப் பேர வெச்சிக் கூப்புட முடியாது'ன்னு. கேக்கறவன் காதுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? குகன் அப்பா சொன்னதும் அதேதானே?"

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். மாவு, எண்ணெய், நான் எல்லாம் கார் நிறுத்துமிடத்திலேயே கிடந்தோம். அதற்குப் பிறகு தீபாவளி வரை சுவரின் மேல் குழம்பு வரவில்லை. காலையில் வேன் கிளம்பும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எனக்கும் வீம்பு. நானும் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிற அக்காவைச் சமாதானம் செய்யப் போனால் கோபம் இரட்டிப்பாகும் என்பது இத்தனை வருடங்களில் கற்ற பாடம்.

தீபாவளி அன்று விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை நீண்டது. கிண்ணத்தில் காய்ச்சிய நல்லெண்ணெய்.

"குனி" என்றார் அக்கா. என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அதுதான். கிண்ணம் நிறைய எண்ணெய் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் அது யுகேனின் தலைக்குப் போகிற எண்ணெய். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நேத்தும் போன் போட்டேன். எடுக்கல" என்றார்.

காலை வெயில் ஏறத் தொடங்கியபோது விருந்தாளிகளுக்காக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா கேட்டுக்கொண்டபடி நானே யுகேனை அழைத்தேன். எடுத்தான். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஹேப்பி தீபாவளி யுகேன். எங்க இருக்கீங்க?"

"சுபாங் ஜெயாவுல ஆன்டி. குகன் வீட்டு வாசல்ல." தணிந்த குரலில் பேசினான். "அவுங்க அம்மாவப் பாத்து ஆசீர்வாதம் வாங்கணும்னு குகனுக்கு ஆசை. வந்தோம். அங்கிள் எங்களப் பாத்ததும் கேட்ட மூடிட்டாரு. ரொம்ப நேரமா நிக்கிறோம். குகன் போகவும் மாட்டேங்கறான், பெல் அடிக்கவும் மாட்டேங்கறான். சும்மா நின்னுட்டு இருக்கான்."

அக்கா நாற்காலியைக் கீழே வைத்தார். உள்ளே போனார். வரும்போது கையில் வேன் சாவி.

"அக்கா, விருந்தாளி வர்ற நேரம் லா!"

"பானையில சோறு இருக்கு, கதவு தொறந்து இருக்கு. வர்றவங்க போட்டுச் சாப்புடட்டும். நீ வர்றியா இல்லியா?"

ஏறினேன். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் ஸ்டியரிங். பெருநாளானதால் நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. அக்கா வேனை விரட்டிய விரட்டில் பிள்ளைகளின் தண்ணீர் போத்தல் ஒன்று பின்னால் இருக்கைகளுக்கு அடியில் உருண்டுகொண்டே வந்தது. வழியில் அவர் பேசியது ஒரே ஒரு முறைதான். "போய் என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். "புள்ள வெளிய நிக்கிது" என்றார்.

குகன் வீடு ஓர் ஒதுக்குத் தெருவில் இருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம், கேட்டுக்குள் ஓப்பன் ஹவுஸுக்காகக் கெனப்பிப் பந்தல் போட்டு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. கேட் பூட்டியிருந்தது. வெளியே வெயிலில் இரண்டு பேரும் புது ஜிப்பா போட்டு நின்றிருந்தார்கள். குகன் கையில் ஒரு பூமாலையும் ஒரு கேக் பெட்டியும். யுகேன் வேனைப் பார்த்ததும் விழித்தான். "ம்மா? நீங்க எங்க இங்க?"

அக்கா வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தி இறங்கி அவனருகில் போனார். முதலில் கையை அவன் தலையில் வைத்தார். பிறகு எட்டி குகனின் தலையிலும் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு தலையும் காஞ்சி கெடக்கு" என்றார். திரும்ப வேனில் ஏறி உட்கார்ந்து ஹார்னை அழுத்தினார்.

எங்கள் தாமானில் அதைக் கேட்டுப் பழகிய எனக்கே அன்றைக்குக் காது அடைத்தது. விட்டு விட்டு அடித்தார். எதிர் வீட்டுச் சீனக் கிழவர் வெளியே வந்தார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஜன்னலைத் திறந்தார். கடைசியில் குகனின் அப்பா பாலன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உட்பக்கமாக ஓடி வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் என்று குகன் முன்பு சொல்லியிருக்கிறான்.

"யாரும்மா நீங்க? என்ன இது?"

"யுகேந்திரன் அம்மா."

பாலனின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "ஓ, நீங்களா! நீங்க அந்தக் கல்யாணத்துக்குப் போகலன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கும் இதுல உடன்பாடு இல்லன்னு..."

"இல்லண்ணே. இப்பவும் இல்ல."

"அப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஒங்க புள்ள ஒங்க பேச்சக் கேப்பான்."

"எனக்கு ஒப்புதல் இல்ல. அதுக்கும் கேட்டப் பூட்டறதுக்கும் என்னா சம்பந்தம்?"

பாலன் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கும்மா. சம்பந்தம் பேசிட்டு இருக்கோம், அவுங்க மத்தியானம் இங்க சாப்புட வர்றாங்க. இவன் ஆஸ்திரேலியாவுல வேலையில இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் என்னதான் செய்யறது, சொல்லுங்க."

அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பயம் நடிப்பில்லை. அக்காவுக்கும் அது புரிந்தது. கொஞ்சம் இறங்கிய குரலில், "கஷ்டந்தான் அண்ணே. நியாயமான கவலதான்" என்றார். "ஆனா நான் ஸ்கூல் வேன் ஓட்டறவ. புள்ள கேட்டுக்குள்ள போகாம வண்டி எடுத்துப் பழக்கம் இல்ல." மறுபடியும் ஹார்னில் கை வைத்தார்.

சீனக் கிழவர் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். "பாலா, சன் பாலிக் கா? ஹேப்பி தீபாவளி லா!" என்று, மகன் திரும்பி வந்துவிட்டானா என விசாரித்துக் குகனின் தோளைத் தட்டினார். இன்னும் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. உள்ளேயிருந்து ஓர் அம்மாவின் அழுகுரல் கேட்டது. குகனின் தாய் குமுதா. "பெரிய மனுசன் மாதிரியா இருக்கு? தொறங்க! எம்புள்ளைய நான் பாக்கணும்!"

பாலன் தெருவைப் பார்த்தார். ஊருக்குப் பயந்து மூடிய கேட்டை ஊருக்குப் பயந்துதான் திறந்தார். ரிமோட்டை அழுத்திவிட்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். குமுதா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து குகனைக் கட்டிக்கொண்டார். அவன் கையிலிருந்த கேக் பெட்டி நசுங்கியது. அணைத்தபடியே அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

யுகேன் வெளியிலேயே நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. கேட் மெல்ல மூடத் தொடங்கியது.

அக்கா மறுபடியும் ஹார்ன் அடித்தார். ஒரே அழுத்து. கையை எடுக்கவே இல்லை. குமுதா திரும்பிப் பார்த்தார்.

"அக்கா!" என்று சந்திரகலா அக்கா வேனுக்குள்ளிருந்து குமுதாவைப் பார்த்துக் கத்தினார். "இன்னும் ஒரு புள்ள இருக்கு!"

குமுதா யுகேனையும் பார்த்தார், பட்டுச் சேலையோடு வேனில் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாவையும் பார்த்தார். பிறகு ஓடி வந்து மூடிக்கொண்டிருந்த கேட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார். "வாப்பா. நீயும் வா" என்றார்.

யுகேன் போகவில்லை. வேன் ஜன்னலுக்கு வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ம்மா, அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை..."

"இப்பவும் எனக்கு ஒப்புதல் இல்லடா" என்றார் அக்கா. "கல்யாணம்னு என் வாயால வராது. ஒன்கிட்ட பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல."

"தெரியும்மா."

"அப்ப நான் அதுவா இல்லியா?"

யுகேன் அம்மாவின் கையை ஜன்னல் விளிம்பில் பிடித்துக்கொண்டு யோசித்தான். படித்த பிள்ளை, எதற்கும் பதில் வைத்திருப்பவன். "தெரியலம்மா" என்றான். "அந்த வார்த்தை ஒங்களுக்குச் சரியா ஒக்கார மாட்டேங்குது. ஆனா எனக்கு இன்னும் வலிக்குதும்மா. அது போகல."

"எனக்கும்தான் வலிக்குது. போ, உள்ள போ. அந்தம்மா கேட்டப் புடிச்சிட்டு நிக்கிறாங்க."

அவன் போனான். கேட்டைத் தாண்டிக் கால் வைத்தான். குமுதா அவன் முதுகில் கை வைத்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். கேட் மூடியது. அக்கா கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

எங்களை உள்ளே வரும்படி யாரும் கூப்பிடவில்லை. அக்கா அதை எதிர்பார்க்கவும் இல்லை. பாலன் மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அன்று அவர்கள் வீட்டில் மத்தியானம் என்ன நடந்தது என்பது அவர்கள் வீட்டுக் கதை. அக்கா செய்தது சரியென்று எனக்குப் பட்டது, நினைப்பது தப்பென்று அன்றைக்கும் பட்டது, இன்றைக்கும் படுகிறது. வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையனின் பாதி வலி போய்விடும். அதைத் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவரேதான், அவனுக்காகப் பெருநாளும் அதுவுமாக முன்பின் தெரியாதவர் வாசலில் மானத்தை விட்டு ஹார்ன் அடிக்கிறார். இப்படிப்பட்ட ஆளை எந்த வார்த்தையில் அடைப்பது? பிறத்தியாரை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதில் எனக்கும் ருசி உண்டு. அக்கா விஷயத்தில் அது முடியவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்கு ஒன்று உறைத்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னாடி இளிப்பு?"

"அக்கா, இப்ப நீங்க என்னா செஞ்சிட்டு வர்றீங்கன்னு தெரியுமா?"

"என்னா செஞ்சேன்?"

"புதுசாக் கட்டுன புள்ளைய தீபாவளி அன்னிக்கு சம்பந்தி வீட்டுல கொண்டு போய் விட்டுட்டு, நம்ம வீட்டுக்குத் தனியா வர்றீங்க. மாப்பிள்ளை வீட்டு அம்மா தலை தீபாவளிக்கு வேற என்னாத்தக்கா செய்வாங்க?"

அக்கா சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். முகம் சிவந்தது. இப்போது கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"வாய மூடு சீதா. நான் ஒன்னும் அப்படிச் செய்யல."

"சரிக்கா."

"நான் கல்யாணம்னும் சொல்லல, தலை தீபாவளின்னும் சொல்லல. புள்ள வெளிய நின்னிச்சி. உள்ள வுட்டேன். அவ்ளோதான்."

"சரிக்கா, அவ்ளோதான்."

ஷா ஆலாமைத் தாண்டினோம். தண்ணீர் போத்தல் பின்னால் உருண்டு ஓரிடத்தில் போய் முட்டி நின்றது. அக்கா வேகத்தைக் குறைத்தார்.

"அந்தம்மாவுக்குப் போன் போடு. நம்பரு யுகேன்கிட்ட வாங்கு."

"என்னா கேக்கணும்?"

"ரெண்டு பேரு தலைக்கும் எண்ணெ வெச்சாங்களான்னு கேளு."